பழைய சைக்கிளுக்குப் புதுச் சக்கரம்: அளவெடுப்பதிலிருந்து நட்டு முறுக்குவது வரை

சிங்கப்பூரில் பழைய சைக்கிளுக்கு முதலில் வயசாவது சக்கரத்தில்தான். எஃகு ஃபிரேம் பேரன் காலம் வரை தாங்கும், சக்கரம் தாங்காது. வீவக (அரசு அடுக்குமாடி) தாழ்வாரத்தில் சாய்த்து வைத்த சைக்கிளில் சாரல் அடிக்கும். ஈஸ்ட் கோஸ்ட் பூங்கா பக்கம் ஓட்டுகிறவர்களுக்கு உப்புக்காற்றும் சேரும். ஸ்போக் கம்பியைப் பிடித்திருக்கும் சிறு நட்டான நிப்பிளில் துரு ஏறி, அப்புறம் சக்கர வளையமான ரிம்முக்குள்ளே, டயர் மறைக்கிற இடத்தில் அரிப்பு தொடங்கும். வெளியே குரோம் பளபளவென்றுதான் இருக்கும். ஒரு நாள் பஞ்சர் ஒட்ட டயரைக் கழற்றினால் ரிம் டேப்போடு சேர்ந்து துரு செதில் செதிலாக உதிரும்.

துருவைக்கூட விட்டுவிடலாம். குரோம் பூசிய எஃகு ரிம் நனைந்தால் பிரேக் சரியாகப் பிடிக்காது, அதுதான் பெரிய தொல்லை. ரப்பர் கட்டை அதன்மேல் வழுக்கிக்கொண்டே போகும். ஆண்டுக்குச் சுமார் 2,100 மி.மீ. மழை பெய்கிற ஊர் இது. மதியம் மூன்று மணிக்கு வானம் கறுத்தால் பத்து நிமிஷத்தில் தரையெல்லாம் தண்ணீர். அலுமினிய ரிம்மும் ஈரத்தில் கொஞ்சம் மந்தமாகும், ஆனால் ஓரிரு சுற்றில் தண்ணீர் துடைபட்டுப் பிடித்துவிடும். பழைய சைக்கிளுக்கு ஒரே ஒரு செலவுதான் செய்ய முடியும் என்றால், அலுமினிய ரிம் போட்ட முன்சக்கரத்துக்குச் செய்யுங்கள் என்பேன். வண்டியை நிறுத்துவதில் பெரும்பங்கு முன்பிரேக்குடையது.

ஸ்பேனர் பிடிக்கிற வேலை ஒரு காலைப் பொழுதில் முடிந்துவிடும். அதற்கு முந்தைய அளவெடுப்பில்தான் எல்லாம் இருக்கிறது. சக்கரத்தைக் கையில் வைத்துக்கொண்டு திண்டாடுகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள், கடையிலேயே கோட்டை விட்டிருப்பார்கள். அதனால் இந்த வழிகாட்டியிலும் நிறைய இடத்தை அளவுக்கே கொடுத்திருக்கிறேன்.

மாற்றத்தான் வேண்டுமா?

சக்கரம் ஆடுகிறது என்பதற்காக மட்டும் மாற்றாதீர்கள். லேசான கோட்டமா, கம்பிகளை முறுக்கி நேராக்கிப் பெண்டு எடுத்தால் போதும். ஒன்றிரண்டு ஸ்போக் கம்பி உடைந்திருந்தால் அவற்றை மட்டும் மாற்றலாம். சுற்றும்போது சக்கரத்தின் நடுவே இருக்கும் ஹப்பில் கரகரவென்று சத்தம் வந்தால் உள்ளே இருக்கும் எஃகுக் குண்டுகளான பால்ஸ் தேய்ந்திருக்கும். சாதாரண ஹப்பில் முன்னால் பக்கத்துக்கு 10 வீதம் 3/16 அங்குலப் பால்ஸ், பின்னால் பக்கத்துக்கு 9 வீதம் 1/4 அங்குலப் பால்ஸ். பழையதைக் கழுவி எடுத்து, புதிய பால்ஸும் கிரீஸும் போட்டுப் பாருங்கள். பால்ஸ் உருளும் கோன் மேல் குழி விழாமல் இருந்தால் ஹப் மறுபடி பட்டுப்போல் சுற்றும்.

ரிம்மின் உட்புறம் அரித்திருந்தால், நிப்பிள் துளையைச் சுற்றி விரிசல் இருந்தால், அலுமினிய ரிம்மாக இருந்து பிரேக் படும் பக்கம் குழிந்து தேய்ந்திருந்தால் மாற்றித்தான் ஆகவேண்டும். குழிந்திருக்கிறதா என்று பார்க்க ஒரு இரும்பு ஸ்கேலை ரிம்மின் பக்கவாட்டில் நிமிர்த்தி வையுங்கள். நடுவில் வெளிச்சம் தெரிந்தால் அது தேய்ந்த ரிம்.

தாத்தா காலத்து ராலே, ஹெர்குலிஸ், சீனத்து ஃபீனிக்ஸ், ஃபிளையிங் பிஜன் மாதிரி கம்பி பிரேக் (கேபிளுக்குப் பதில் இரும்புக் கம்பி இழுக்கும் பிரேக்) வைத்த சைக்கிள் உங்களிடம் இருந்தால் இங்கேயே கொஞ்சம் நில்லுங்கள். அந்த பிரேக்கின் கட்டை ரிம்மின் பக்கவாட்டில் பிடிப்பதில்லை. ஹப்பைப் பார்த்த உட்புற வளைவில் மேல்நோக்கி அழுத்துகிறது. அதற்கென்றே வளைத்த வெஸ்ட்வுட் ரிம் அது. சாதாரண அலுமினிய ரிம்மை மாட்டினால் கட்டைக்குப் பிடிக்க இடமே இருக்காது. வழி இரண்டு. அதே வடிவ எஃகு ரிம்மைத் தேடிப் பிடித்து மழைக்கு ஒதுங்கி ஓட்டலாம். இல்லையென்றால் ஹப்புக்குள்ளேயே டிரம் பிரேக் இருக்கும் முன்சக்கரம் கட்டலாம். ஸ்டர்மி ஆர்ச்சர் அப்படிப்பட்ட ஹப்பை இன்றும் செய்கிறது; 2000-இலிருந்து அது தைவானின் சன்ரேஸ் நிறுவனத்தின் கையில் இருக்கிறது. டிரம் பிரேக் மழையைப் பொருட்படுத்தாது. இரண்டில் எனக்குப் பிடித்தது இதுதான், ஆனால் ஸ்போக் கம்பி கோப்பதற்கு ஆள் வேண்டும், கையில் காசும் வேண்டும்.

ரிம் அளவு: 26 என்று சொன்னால் போதாது

கடைக்குப் போய் “26 இஞ்ச் சக்கரம் வேண்டும்” என்றால் அங்கிள் மவுண்டன் பைக் சக்கரத்தை எடுத்து நீட்டுவார். அவர்மேல் தப்பில்லை. 26 என்று பெயர் வைத்துக்கொண்டு ஒன்றுக்கொன்று பொருந்தாத பல ரிம்கள் இருக்கின்றன.

பார்க்க வேண்டியது டயரின் பக்கவாட்டில் அச்சிட்ட இரட்டை எண்ணை. 37-590 என்று இருக்கும். முதல் எண் டயரின் அகலம், இரண்டாவது எண் டயர் விளிம்பு உட்காருகிற இடத்தில் ரிம்மின் விட்டம், இரண்டும் மி.மீ.யில். இரண்டாவதுதான் நமக்கு வேண்டியது. ஒரு மில்லிமீட்டர்கூட இதில் விட்டுக்கொடுக்க முடியாது.

கூடை வைத்த ஜப்பானியப் பாணி சைக்கிளிலும் பழைய மூன்று கியர் ராலேயிலும் வருவது 26 × 1⅜, அதாவது 590. மவுண்டன் பைக்கில் வருவது 26 × 1.95, 26 × 2.1 போன்றவை, அவையெல்லாம் 559. பின்னத்தில் எழுதியது வேறு, தசமத்தில் எழுதியது வேறு என்று நினைவு வைத்துக்கொள்ளலாம். இடையில் 31 மி.மீ. இடைவெளி இருக்கிறது, டயரை எப்படி இழுத்தாலும் ஏறாது. 1970களிலும் 80களிலும் வந்த பத்து கியர் ரேஸ் சைக்கிள்களில் 27 × 1¼, அது 630. இப்போதைய 700சி என்பது 622. கம்பி பிரேக் வைத்த பெரிய சைக்கிளில் 28 × 1½, அது 635. இந்தக் கணக்கில் 28-ஐவிட 27 வெறும் 5 மி.மீ.தான் சிறியது, 700சி இரண்டையும்விடச் சிறியது. பெயரை நம்பினால் குழப்பம்தான் மிஞ்சும். மடக்கு சைக்கிள்காரர்களுக்கும் இதே தலைவலி உண்டு. 20 இஞ்ச் என்பது 406 ஆகவும் இருக்கலாம், 451 ஆகவும் இருக்கலாம்.

எழுத்தெல்லாம் அழிந்த டயராக இருந்தால் அதைக் கழற்றிவிட்டு ரிம்மின் வெளிவிட்டத்தை அளந்து, அதிலிருந்து ஏறத்தாழ 12 மி.மீ. கழியுங்கள். வருகிற எண்ணுக்கு அருகில் மேலே சொன்னவற்றில் எது இருக்கிறதோ அதுதான் உங்கள் அளவு. 622-க்கும் 630-க்கும் நடுவில் தடுமாறினால் மட்டும் டயரோடு கடைக்குப் போய் ஒப்பிட்டுப் பாருங்கள்.

மற்ற மூன்று அளவுகள்

இரண்டாவது அளவு, அச்சு உட்காருகிற இடத்தின் அகலம். சக்கரத்தைக் கழற்றிவிட்டு ஃபோர்க்கின் இரண்டு கால்களுக்கு இடையே, உட்புறத்திலிருந்து உட்புறம் வரை அளக்க வேண்டும். இன்றைய முன்சக்கரம் 100 மி.மீ. பழைய பிரிட்டிஷ் சைக்கிள்களின் ஃபோர்க் 90 மி.மீ. சொச்சம்தான் இருக்கும். பின்னால் மூன்று கியர், ஒற்றை கியர் பழசுகளில் 110 முதல் 117 வரை. ஐந்து பல் சக்கரம் இருந்தவற்றில் 120. ஆறு ஏழு இருந்தவற்றில் 126. அதற்குப் பிந்தைய ரேஸ் சைக்கிளில் 130. மவுண்டன் பைக்கில் 135.

மூன்றாவது, அச்சின் பருமன். இன்றைய முன் அச்சு 9 மி.மீ., பின் அச்சு 10 மி.மீ. பழைய பிரிட்டிஷ், இந்திய ஃபோர்க்கின் பிளவு 5/16 அங்குலம், கிட்டத்தட்ட 8 மி.மீ. புது அச்சு அதில் நுழையாது. பிளவை அரத்தால் இரண்டு பக்கமும் சமமாக ராவி அரை அரை மில்லிமீட்டர் அகலப்படுத்தலாம், எஃகு ஃபோர்க் என்பதால் தாங்கும். ஒரு கால் அதிகம், ஒரு கால் குறைவு என்று ராவினால் சக்கரம் ஃபோர்க்குக்குள் சாய்ந்து நிற்கும். நாலு இழுப்புக்கு ஒருமுறை அச்சை வைத்துப் பாருங்கள். அரம் போட மனசு வராதவர்கள் பழைய ஹப்பையே புது ரிம்மில் கோக்கலாம். பழைய பிரிட்டிஷ் வழக்கப்படி முன்னால் 32 துளை, பின்னால் 40 துளை இருக்கும். 36 துளை ரிம்மை வாங்கிவந்து பிறகு விழிக்காமல் ஹப்பின் துளையை முதலில் எண்ணிவிடுங்கள்.

நான்காவது, பிரேக் எவ்வளவு தூரம் எட்டும் என்பது. இதை யாரும் அளப்பதில்லை. பிரேக்கை ஃபிரேமில் பிடித்திருக்கும் போல்ட்டின் மையத்திலிருந்து ரிம்மில் கட்டை படும் இடத்தின் நடுவரை நேராக அளந்து குறித்துக்கொள்ளுங்கள். அதே அளவு ரிம்மை வாங்கினால் இந்த எண் தேவைப்படாது. 630-ஐக் கழற்றி 622 போடப்போகிறீர்கள் என்றால் விட்டத்தில் 8 மி.மீ. வித்தியாசம், பிரேக் கட்டை 4 மி.மீ. கீழே இறங்க வேண்டும். பிரேக் கையில் கட்டையை நகர்த்தும் நீள்துளை இருக்குமே, அதில் கீழே இன்னும் 4 மி.மீ. மிச்சமிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் யோசிக்கவே வேண்டாம். இல்லையென்றால் நீளக்கை பிரேக் வாங்க வேண்டும்; 47-57 மி.மீ., 55-73 மி.மீ. என்ற அளவுகளில் கிடைக்கிறது.

எந்தச் சக்கரம், எங்கே

பத்து கியர் பழைய ரேஸ் சைக்கிளை வைத்திருப்பவர்களுக்கு இங்கே ஒரு நல்ல வழி இருக்கிறது. ஒரு காலத்தில் ஃபிக்ஸி (கியர் இல்லாத நிலைப்பல் சைக்கிள்) மோகத்தில் வாங்கப்பட்ட சக்கரங்கள் கரோசெல் என்ற இணையச் சந்தையில் சோடி சோடியாக விற்பனைக்கு வரும். அவை 700சி, அலுமினிய ரிம், பின் அகலம் 120 மி.மீ. உங்கள் ஃபிரேமும் 120 ஆக இருந்தால் விரிக்காமல் வளைக்காமல் அப்படியே உட்காரும். கியர் போய்விடுமே என்றால், போகட்டும். இந்தத் தீவின் மிக உயரமான இடமான புக்கிட் தீமா குன்றே 163 மீட்டர்தான். மேற்கே பூன் லேயிலிருந்து கிழக்கே பாசிர் ரிஸ் வரை ஒற்றை கியரில் மிதித்துப் போகலாம். அந்த ஹப்பில் ஒரு பக்கம் மிதிக்காதபோதும் சக்கரத்தை ஓடவிடும் ஃப்ரீவீல், மறுபக்கம் பெடலோடு சேர்ந்தே சுற்றும் நிலைப்பல் என்று இருக்கும். ஃப்ரீவீல் பக்கத்தையே பயன்படுத்துங்கள், இரண்டு பிரேக்கையும் விட்டுவைங்கள். பாதைகளிலும் சாலைகளிலும் ஓட்டும் சைக்கிளில் குறைந்தது ஒரு கைபிரேக்காவது இருக்க வேண்டும் என்பது இங்கே சட்டம்.

கூடை சைக்கிள்காரர்களுக்கு 590 சக்கரம் பேட்டைக் கடையிலேயே கிடைக்க வாய்ப்பு அதிகம். தோ பாயோ, ஆங் மோ கியோ மாதிரி பழைய பேட்டைகளில் புளோக்கின் கீழே இருக்கும் சிறிய சைக்கிள் கடைகள்தான் இந்த வேலைக்குத் தோது. கார்பன் சைக்கிளைக் கண்ணாடிக்குள் நிற்க வைத்த கடைகளில் உங்கள் வண்டியைப் பார்த்துப் புன்னகைப்பார்கள், அவ்வளவுதான். முன்பெல்லாம் ஒற்றைப் பொருளுக்கு சுங்கை ரோடு பழம்பொருள் சந்தையில் ஒரு சுற்று சுற்றலாம். 2017 ஜூலை 10-ஆம் தேதியோடு அது மூடப்பட்டுவிட்டது. ஸ்பேனர், அரம், வாஷர் இவற்றுக்கு ஜாலான் புசார் வட்டார ஹார்ட்வேர் கடைகள் போதும்.

635 ரிம் வைத்த பெரிய சைக்கிளுக்கு டயர், டியூப் வேண்டுமென்றால் ஊருக்குப் போகிறவர்களிடம் சொல்லிவிடுங்கள். 1949-இல் தொடங்கிய டிஐ சைக்கிள்ஸ் சென்னையில் ஹெர்குலிஸ் செய்து செய்து, தமிழ்நாட்டில் இன்னும் சிற்றூர்க் கடையில்கூட 28 × 1½ டயர் தொங்குகிறது. டயரைச் சுருட்டிப் பெட்டியில் வைக்கலாம். ரிம்மைக் கொண்டுவரச் சொன்னால் உறவு கெடும்.

பெண்டு எடுக்கத் தெரிந்த ஆள் வேண்டுமா? ஊரில் சைக்கிள் கடையில் கை பழகி, இங்கே கட்டுமான வேலைக்கு வந்த தம்பிமார் உண்டு. விடுதியில் நண்பர்களின் சைக்கிளையெல்லாம் அவர்கள்தான் பார்த்துக்கொள்வார்கள். “அண்ணே, ஸ்டாண்டெல்லாம் வேணாம், சைக்கிளைத் தலைகீழா நிறுத்துங்க” என்று சொல்லிவிட்டு, கட்டைவிரல் நகத்தை ரிம் பக்கத்தில் வைத்து, சக்கரத்தைச் சுற்றி, நகம் உரசும் இடத்தில் நிப்பிளுக்குக் கால்வாசித் திருகு கொடுப்பார்கள். அந்த வேலைக்கு உரிய காசைக் கொடுங்கள். தேநீரோடு நிறுத்திவிடாதீர்கள்.

புதுச் சக்கரத்தை மாட்டும் முன்

விலை குறைந்த புதுச் சக்கரத்தை அப்படியே மாட்டக்கூடாது. தொழிற்சாலையில் கோனை இறுக்கமாக முடுக்கி, கிரீஸைக் கஞ்சத்தனமாகத் தடவி அனுப்பியிருப்பார்கள். அச்சை இரண்டு விரலால் பிடித்து மெதுவாகச் சுற்றிப் பாருங்கள். தடங்கித் தடங்கிச் சுற்றினால் கோனைத் தளர்த்த வேண்டும். மெல்லிய கோன் ஸ்பேனரால் கோனைப் பிடித்துக்கொண்டு, மேலிருக்கும் லாக் நட்டைத் தளர்த்தி, கோனைச் சிறிது பின்னால் திருப்பி மறுபடி பூட்டுங்கள். நட்டு போட்டு முறுக்கும் அச்சாக இருந்தால் ஆட்டமும் இருக்கக்கூடாது, தடங்கலும் இருக்கக்கூடாது. நெம்புகோல் வைத்து மூடும் அச்சு மட்டும் விதிவிலக்கு: மூடும்போது அச்சு கொஞ்சம் அமுங்கும், அதனால் வெளியே இருக்கும்போது மயிரிழை ஆட்டம் விட்டுவைக்க வேண்டும்.

அடுத்து கம்பி. அருகருகே போகும் இரண்டு கம்பிகளைக் கைப்பிடியில் அழுத்தி விடுங்கள், சக்கரம் முழுக்க, இரண்டு பக்கமும். டிக் டிக் என்று சத்தம் வந்தால் முறுக்கேறிய கம்பி தன் இடத்தில் உட்காருகிறது என்று பொருள். இதைச் செய்யாமல் ஓட்டினால் அதே வேலையைச் சாலை செய்யும், சக்கரம் கோணும். பின்சக்கரத்தில் செயின் பக்கக் கம்பி மற்றப் பக்கத்தைவிட இறுக்கமாக இருந்தால் பயப்பட வேண்டாம், பல் சக்கரத்துக்கு இடம் விட ரிம்மை அந்தப் பக்கம் இழுத்துக் கட்டியிருக்கிறார்கள்.

ரிம் டேப் நிப்பிள் தலைகளை முழுக்க மூடுகிறதா பாருங்கள். வால்வு துளையையும் பாருங்கள். கார் வால்வு மாதிரி தடித்த வால்வு 8.5 மி.மீ. துளையில்தான் போகும், மெல்லிய வால்வுக்கு 6.5 மி.மீ. போதும். தடித்த வால்வு டியூபை வைத்துக்கொண்டு சிறிய துளை ரிம்மைத் துளைப்பதைவிட டியூபை மாற்றுவது மலிவு.

பழையதைக் கழற்றுதல், ஃப்ரீவீலை மாற்றுதல்

தாழ்வாரத்தில் வேலை செய்தால் ஆள் போக 1.2 மீட்டர் வழி விடவேண்டும், குடிமைத் தற்காப்புப் படையின் விதி அது. நான் புளோக்கின் கீழ்த்தளத்தையே சொல்வேன். காற்று வரும், விழுந்த பால்ஸ் பக்கத்து வீட்டுச் செருப்புக்குள் போகாது.

கழற்றுவதற்கு முன் கைப்பேசியில் இரண்டு பக்கமும் படம் எடுத்துவிடுங்கள். அச்சில் வாஷர், மட்கார்டு கம்பி, ஸ்டாண்ட், கேரியர் எல்லாம் எந்த வரிசையில் கோத்திருக்கிறது என்பது பிறகு நினைவிருக்காது. பின் நட்டு பெரும்பாலும் 15 மி.மீ. ஸ்பேனரில் வரும். துருப்பிடித்து அசையவில்லையா, ஊடுருவும் எண்ணெய் தெளித்துவிட்டு ஒரு காப்பி குடித்து வாருங்கள். நட்டின் முனை மழுங்கிவிட்டால் அன்றைய நாள் போச்சு.

பழைய பின்சக்கரத்தின் ஃப்ரீவீல் புது ஹப்புக்கு மாறவேண்டும் என்றால் மரையைப் பாருங்கள். பொதுவான மரை 1.37 அங்குலம், அங்குலத்துக்கு 24 சுற்று. பழைய பிரெஞ்சு சைக்கிளில் வேறு மரை, அதைப் பலவந்தமாக ஏற்றினால் புது ஹப் பாழ். புது ஹப்பில் மரைக்குப் பதில் நீளவாக்கில் பள்ளங்கள் இருந்தால் அது கேசட் வகை, ஃப்ரீவீலே ஏறாது.

ஃப்ரீவீலைக் கழற்றுவதுதான் இந்த வேலையிலேயே கஷ்டமானது. ஒவ்வொரு மிதிக்கும் அது இன்னும் இறுகிக்கொண்டே வந்திருக்கிறது, பத்திருபது வருஷமாக. அதன் வாயில் பொருந்தும் தனிக்கருவி ஒன்று இருக்கிறது; எந்த மாதிரிக்கு எது என்பதைக் கடையில் சக்கரத்தைக் காட்டிக் கேட்டு வாங்குங்கள். கருவியை வைத்து, அது நழுவாதபடி அச்சு நட்டை அதன்மேல் லேசாகப் போட்டுக்கொள்ளுங்கள். கையில் ஸ்பேனரை வைத்துக்கொண்டு தொங்குவதைவிடக் கருவியை மேசையில் பொருத்திய இறுக்குப்பிடியான வைஸில் பிடித்து, சக்கரத்தையே கார் ஸ்டீயரிங் மாதிரி இரண்டு கையாலும் இடப்பக்கம் திருப்புங்கள். படக்கென்று விடும். விட்டதும் அச்சு நட்டைக் கழற்றிவிட்டுத்தான் மேற்கொண்டு சுற்ற வேண்டும், இல்லையென்றால் நட்டும் ஃப்ரீவீலும் ஒன்றையொன்று நெரித்துக்கொள்ளும். வைஸ் இல்லாதவர்கள் கடைக்குக் கொண்டுபோங்கள், அவர்களுக்கு இது இரண்டு நிமிஷ வேலை. பழைய சக்கரத்தின் கம்பிகளை முதலில் வெட்டிவிடாதீர்கள். கம்பி போனால் பிடித்துத் திருப்ப எதுவுமே இல்லை.

புது ஹப்பின் மரையில் கிரீஸ் தடவி, ஃப்ரீவீலைக் கையாலேயே வலப்பக்கம் சுற்றி ஏற்றுங்கள். முதல் சுற்றிலேயே தடங்கினால் மரை கோணலாகப் பிடித்திருக்கிறது. எடுத்துவிட்டு மறுபடி தொடங்குங்கள். கடைசி இறுக்கம் மிதிக்கும்போது தானாக வரும்.

ஃபிரேமை விரிக்கலாமா?

120 மி.மீ. ஃபிரேமில் 126 மி.மீ. ஹப் என்றால் பக்கத்துக்கு 3 மி.மீ.தான். எஃகு ஃபிரேமைக் கையால் விரித்து நுழைத்துவிடலாம். அதற்கு மேல் போனால் ஃபிரேமை நிரந்தரமாக விரிக்க வேண்டும். எஃகுக்கு மட்டும்தான் அது. அலுமினியத்தில் செய்தால் வெல்டு விண்டுவிடும், கார்பனைப் பற்றிப் பேசவே வேண்டாம். விரித்த பிறகு நூல் வைத்துப் பார்ப்பார்கள்: அச்சு உட்காரும் இடத்திலிருந்து ஹேண்டில் குழாயைச் சுற்றி மறுபக்க அச்சு இடம் வரை ஒரே நூலை இழுத்துக் கட்டி, சீட்டுக் குழாய்க்கும் நூலுக்கும் இடையே இரண்டு பக்கமும் ஒரே இடைவெளி இருக்கிறதா என்று அளப்பது. என் யோசனை, விரிக்காமலேயே பொருந்தும் சக்கரத்தைத் தேடுங்கள். ஹப் ஃபிரேமைவிட ஒடுக்கமாக இருந்தால் அச்சில் வாஷர் சேர்த்துச் சரிக்கட்டுவது எளிது.

மாட்டுதல்

முன்சக்கரத்தில் சொல்ல அதிகமில்லை. சைக்கிளைத் தரையில் நிமிர்த்தி நிறுத்தி, அச்சு பிளவின் அடி வரை போய் உட்கார்ந்த பிறகு நட்டை முறுக்குங்கள். தலைகீழாக வைத்து முறுக்கினால் அச்சு முழுக்க உட்காராமல் போகலாம். பல் வைத்த வாஷர், மட்கார்டு கம்பி எல்லாம் ஃபோர்க்குக்கு வெளியே, நட்டுக்கு உள்ளே.

சக்கரம் நடுவில் நிற்கிறதா என்று பார்க்கத் தனிக்கருவி வேண்டாம். ரிம்முக்கும் ஃபோர்க் காலுக்கும் இடையே இரண்டு பக்கமும் அளந்துகொண்டு, சக்கரத்தைக் கழற்றி இடம்வலமாகத் திருப்பிப் போட்டு மறுபடி அளங்கள். ரிம் அதே பக்கம் ஒதுங்கி நின்றால் ஃபோர்க் கோணல். எதிர்ப்பக்கம் மாறிப்போனால் சக்கரம் கோணல்.

பின்சக்கரத்தில் செயினை முதலில் சிறிய பல் சக்கரத்தில் போட்டுவிட்டு அச்சை நுழையுங்கள். ஒற்றை கியர் என்றால் செயின் இழுப்பு முக்கியம். சக்கரத்தைப் பின்னால் இழுத்து, வலப்பக்க நட்டை லேசாகப் பிடியுங்கள். டயர் ஃபிரேமின் இரண்டு கம்பங்களுக்கும் நடுவில் வரும்படி இடது கையால் நகர்த்தி இடப்பக்க நட்டைப் பிடியுங்கள். பிறகு ஒன்றைத் தளர்த்தி ஒன்றை நகர்த்தி, மாற்றி மாற்றி அச்சை நடத்திக் கொண்டுபோவதுதான் முறை. செயினின் நடுவில் விரலால் அழுத்தினால் மேலும் கீழுமாக அரை அங்குலம் ஆடவேண்டும். பெடலை முழுசாக ஒரு சுற்று சுற்றிப் பாருங்கள், ஓரிடத்தில் இறுகி ஓரிடத்தில் தொய்ந்தால் இறுகிய இடத்தை வைத்து அளவு கொடுங்கள். கடைசியில் இரண்டு நட்டையும் நீளக்கை ஸ்பேனரால் நன்றாக இறுக்குங்கள்.

புது ஃப்ரீவீல் போட்டிருந்தால் பழைய செயினை அளந்து பாருங்கள். 12 முழு இணைப்பு (வெளித்தகடும் உள்தகடும் சேர்ந்தது ஒன்று) ஊசிக்கு ஊசி சரியாக 12 அங்குலம் இருக்கவேண்டும். 12 1/16 தொட்டுவிட்டால் மாற்றுங்கள்; இழுபட்ட செயின் புதுப் பல்லில் தாவும். ஒற்றை கியருக்கு ⅛ அங்குல அகலச் செயின், பல கியருக்கு 3/32.

பிரேக் கட்டை

எஃகு ரிம்முக்கென்று தோல் ஒட்டிய பழைய கட்டை இருந்தால் அதைக் கழற்றிவிடுங்கள், அலுமினியத்துக்கு வெறும் ரப்பர்தான். கட்டை முழுவதும் ரிம்மின் மேல் படவேண்டும். மேலே ஏறி டயரைத் தொட்டால் சில நாளில் டயரின் பக்கவாட்டைக் கிழித்துவிடும். கீழே இறங்கினால் தேயத்தேய ரிம்முக்கு அடியில் நழுவி கம்பிக்குள் போகும், அது இன்னும் மோசம்.

கட்டையின் முன்முனை பின்முனையைவிட ஒரு மில்லிமீட்டர் முந்தித் தொடும்படி வைத்தால் கீச்சிடாது. கட்டையின் பின்முனையில் ஒரு அட்டைத் துண்டைச் செருகி, பிரேக்கைப் பிடித்துக்கொண்டு நட்டை முறுக்கினால் அந்தச் சாய்வு தானாக வந்துவிடும். பிறகு பிரேக் கம்பியைச் சரிசெய்து, கைப்பிடியை முழுப்பலத்தோடு பத்துத் தடவை அழுத்துங்கள். பிடி ஹேண்டில்பாரைத் தொட்டால் கம்பியை இன்னும் இழுக்க வேண்டும்.

ஓட்டிப் பார்த்தல்

முன்பக்கத்தைச் சாண் உயரம் தூக்கித் தரையில் போடுங்கள். கடகடவென்று ஏதாவது ஆடினால் தேடிப் பிடியுங்கள். சக்கரத்தைப் பக்கவாட்டில் பிடித்து ஆட்டிப் பாருங்கள், டக் டக் என்றால் கோன் தளர்ந்திருக்கிறது.

முதல் ஓட்டத்துக்குச் சாலை வேண்டாம். ஆள் நடமாட்டம் குறைந்த நேரத்தில் பூங்கா இணைப்புப் பாதை சரியாக இருக்கும். சைக்கிள் பாதையில் மணிக்கு 25 கி.மீ., நடைபாதையில் 10 கி.மீ. என்பது வரம்பு, சோதனைக்கு அதுவே தாராளம். முன்பிரேக்கைத் தனியாக, பின்பிரேக்கைத் தனியாகப் பிடித்துப் பாருங்கள். மிதிமேல் எழுந்து நின்று அழுத்துங்கள், பின்சக்கரம் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டால் வலப்பக்க நட்டு போதவில்லை. அப்புறம் சாலைக்குப் போகலாம். 2019 பிப்ரவரி 1-இலிருந்து சாலையில் தலைக்கவசம் கட்டாயம்.

இருபது முப்பது கிலோமீட்டர் ஓடியதும் நட்டை மறுபடி இறுக்கி, கம்பிகளை விரலால் மீட்டிப் பாருங்கள். ஒரே பக்கத்துக் கம்பிகள் ஏறக்குறைய ஒரே ஒலி தரவேண்டும். தொளதொளவென்ற கம்பி இருந்தால் அங்கே மட்டும் கால் திருகு. ரிம் கோணியிருந்தால் சேர்த்துப் பெண்டு எடுத்துவிடுங்கள். முதல் பெண்டுக்குப் பிறகு நல்ல சக்கரம் நெடுநாள் தொந்தரவு தராது.

பழைய எஃகு ரிம்மைத் தாழ்வாரத்தில் போட்டு வைக்காதீர்கள், பழைய சாமான் வாங்கும் காராங்குனிக்காரர் வரும்போது கொடுத்துவிடலாம். கொடுக்கும் முன் பின் ஹப்பைத் துடைத்துப் பாருங்கள். ஸ்டர்மி ஆர்ச்சர் என்று பொறித்திருந்தால் அதை மட்டும் பிரித்து வைத்துக்கொள்ளுங்கள். மூன்று கியர் ஹப்பாக இருந்தால் பக்கத்தில் பொறித்திருக்கும் சிறிய எண்கள் அது எந்த ஆண்டு செய்தது என்பதைச் சொல்லும், உள்ளே இருக்கும் பல்லும் ஊசியும் பெரும்பாலும் இன்னொரு சைக்கிளுக்கு ஆகும்.